தொப்பியைக் கழற்றிவிட்டு வரவும்

"எழுத்தையெல்லாம் பிரிச்சுப் போட்டாச்சு, செல்லக்கண்ணு. அறையெல்லாம் நெறஞ்சு கெடக்கு. கோக்கத்தான் உன் கையில விஷயம் இல்ல," என்றார் அப்துல் ஹமீது பாய்.

நான் அவர் முகத்தைப் பார்க்காமல் அச்சகத்தின் மூலையைப் பார்த்தேன். சுவரில் ஈரம் ஏறாத அந்த ஒரே இடத்தில் என் புத்தகம் இருந்தது. புத்தகம் என்று சொல்வது கொஞ்சம் அதிகம். மடிக்காத, தைக்காத தாள்களை இடுப்பு உயரத்துக்கு அடுக்கி, மேலே ஒரு பழைய சாக்கைப் போர்த்தியிருந்தார். பக்கத்தில் போனால் மை வாசனை வரும். அந்த வாசனைக்காகவே ஞாயிறு தோறும் புக்கிட் தீமாவிலிருந்து பஸ் ஏறி வந்த காலம் உண்டு. இப்போது பக்கத்தில் போகாமல் தள்ளியே நின்றேன்.

சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், பூக்கட்டுகிறவருக்கும் மாவு மில்லுக்கும் நடுவில் பாயின் அச்சகம். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், மருந்து லேபிள் அடித்துப் பிழைப்பவர். பெரிய அச்சகங்களில் புத்தகம் முழுவதையும் கோத்து வைத்துத் திருத்திய பிறகுதான் அடிப்பார்களாம். பாயிடம் இருந்த ஈய எழுத்து எட்டுப் பக்கத்துக்கு மேல் வராது. எட்டுப் பக்கம் கோப்பார், மிதி மிஷினில் அடிப்பார், எழுத்தைப் பிரித்து அதனதன் அறையில் போடுவார், அப்புறம் அடுத்த எட்டு. அந்த எட்டுப் பக்கத்துக்குப் பாரம் என்று பெயர். அடித்த பாரத்தை யாராலும் மாற்ற முடியாது. அதைக் கோத்த எழுத்து அதற்குள் யாருடைய கல்யாணப் பத்திரிகையிலோ போய் உட்கார்ந்திருக்கும்.

"முடிவு கையில இல்லாம ஆரம்பிக்காதன்னு அன்னைக்கே சொன்னேன். கேட்டியா?"

"கேக்கல பாய்."

"கேக்கல பாய்! அத மட்டும் நல்லா சொல்லு. கல்யாண மாசம் வருது லா. இந்த மூலையில பத்திரிகை அட்டை வந்து எறங்கணும். அடுத்த ஞாயித்துக்கெழம கடைசி எட்டுப் பக்கத்தக் கொண்டா. இல்ல, இந்தத் தாளையெல்லாம் கச்சாங் பூத்தே விக்கிறவனுக்குத் தூக்கிக் குடுத்துடுவேன். கடலை மடிக்க நல்ல தாளு. அவன் ரெண்டு தடவ கேட்டுட்டான்."

விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று பார்த்தேன். இல்லை.

நான் குதிரைப் பந்தய மைதானத்தில் குதிரை பார்க்கிற ஆள்; எங்களை சைஸ் என்பார்கள். சாணி அள்ளுவது, தேய்த்துக் குளிப்பாட்டுவது, தீனி வைப்பது, காலுக்குத் துணி சுற்றுவது, விடியும் முன்னே நடத்திக்கொண்டு போவது, இதுதான் வேலை. நாற்பது வயதுக்கு மேல் தொழிலாளர் சங்கத்து வகுப்பில் உட்கார்ந்து எழுத்துப் படித்தேன். அதில் என் பெயரை எழுதிப் பழகிய பிறகு, இரண்டாவதாக நானாகவே எழுதிய வார்த்தை "பவுடர்".

ரேஸ் புத்தகத்தில் அவனுக்கு என் வாயில் நுழையாத ஓர் இங்கிலீஷ் பெயர். உடம்பு முழுதும் செம்பழுப்பு, மூக்கு மட்டும் வெள்ளை. டப்பாவுக்குள் முகத்தை விட்டு எடுத்தவன் போல இருப்பான். அதனால் லாயத்தில் எல்லோருக்கும் அவன் பவுடர். அவனைப் பற்றி எழுத வேண்டும் என்று ஏன் தோன்றியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. காலைத் தீனிக்கும் மத்தியானத் தீனிக்கும் நடுவில் ஒரு மணி நேரம் கிடைக்கும். தீனி அறையில் ஓட்ஸ் பெட்டி மேல் தாளை வைத்து எழுதுவேன். வைக்கோல் வாரும் முட்கரண்டி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன விரலுக்குள் பென்சில் நிற்காது. சில நாள் நான்கு வரி, சில நாள் ஒன்றும் இல்லை. சில நாள் பெட்டி மேலேயே தலை வைத்துத் தூங்கிப்போவேன். அப்படியே இரண்டு மழைக்காலம் ஓடியது.

பவுடர் பெரிய பந்தயத்தில் ஜெயித்த வாரம், எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இனி முடிவு என்ன, இதுதான் முடிவு என்று முதல் எட்டுப் பக்கத்தைத் தூக்கிக்கொண்டு பாயிடம் ஓடினேன். அதில் மூன்றாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "இந்தக் குதிரை இன்றும் புக்கிட் தீமா லாயத்தில் சுகமாக இருக்கிறது. பிரியப்பட்டவர்கள் வந்து பார்க்கலாம். தொப்பியைக் கழற்றிவிட்டு வரவும், கடித்துவிடும்."

தொப்பி விஷயம் உண்மை. ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வரும்போது எவனோ தொப்பியால் அவன் கண்ணில் அடித்திருக்க வேண்டும். தலைக்கு மேல் தொப்பியைக் கண்டால் காது பின்னால் படிந்துவிடும். கழுத்து பாம்பு போல நீளும்.

ஒவ்வொரு பாரமாக அடித்து, கடைசிக்கு முந்திய பாரம் மிஷினில் ஏறியிருந்த வாரம், மழை பெய்த ஒரு காலையில், பயிற்சி ஓட்டத்தின் நடுவில் பவுடர் திடீரென்று நின்றுவிட்டான். நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது முன்னங்கால் ஒன்றைத் தரையில் ஊன்றாமல், யாருக்கோ கை கொடுப்பதுபோல நீட்டிக்கொண்டிருந்தான். காலின் பின்நரம்பு கிழிந்துவிட்டது. இனி ஓடமாட்டான் என்று குதிரை டாக்டர் சொன்னார். ஓடாத குதிரைக்கு யார் தீனி போடுவார்கள்? லாயத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வண்டி வரும். லாயத்துக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்கும். மற்ற குதிரைகள் அன்றைக்குத் தீனி எடுக்காது.

அன்றிலிருந்து நான் ஒரு வரி எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாயிடம் கெடு வாங்கிக்கொண்டு லாயத்துக்குத் திரும்பியபோது, பக்கத்துக் கொட்டடிச் சைஸ் தனசேகரன் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

"வாங்க எழுத்தாளரே. என்ன சொன்னாரு ஒங்க பாயி?"

சொன்னேன்.

"நல்லதாப் போச்சு. கடலைக்காரன்கிட்டயே குடுத்துத் தொலைண்ணே. நான் சொன்னா ஒனக்குக் கோவம் வரும். ரேஸு முடிஞ்சு குதிர வந்தா நம்ம என்ன பண்றோம்? உப்பு மொளகா சுத்திப் போடுறோம்ல? கண்ணு பட்டா அதுக்கு வழி இருக்கு. நீ எட்டெட்டுப் பக்கமா அவன் அழக எழுதி, அதையும் அச்சுப் போட்டு அடுக்கி வச்சிருக்க. எழுத்து பட்டா என்னத்த எடுத்துச் சுத்துறது?"

"போடா."

"போறேன். ஆனா யோசிச்சுப் பாரு. ஆறு வருஷம் ஓடுனான், ஒண்ணும் ஆவல."

அவன் சொன்னதை நான் நம்பவில்லை. ஆனால் அடுத்த நாள் ஓட்ஸ் பெட்டி முன்னால் உட்கார்ந்தபோது பென்சிலை எடுக்கவே நேரமாயிற்று. "பவுடர் குணமாகி" என்று எழுதினேன். பொய். தாளைக் கிழித்தேன். மற்ற முடிவை, வண்டி வருவதை, எழுத வேண்டும். அதன் முதல் எழுத்தையே போட முடியவில்லை. எழுதினால் நடந்துவிடும் என்று ஒரு பயம், சுவருக்கு அந்தப் பக்கம் பவுடர் மூச்சு விடுவது கேட்டுக்கொண்டே இருந்தது.

என் மனைவி அன்னம்மா லாயத்துக் கால்துணிகளைத் துவைத்துக் கொடுப்பவள். கொடியில் துணியைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"இன்னைக்காவது எழுதுனீங்களா?"

"இல்ல."

"ரெண்டு வருஷமா வீட்டுல ஒரு ஒட்டடை அடிக்கல, சட்டைக்கு ஒரு பட்டன் தச்சுக்கல. எல்லாத்தையும் நான் பாத்துக்கிட்டேன், சரி, மனுஷன் எழுதுறாருன்னு. அவ்வளவு பெரிய பொஸ்தகத்துல என்னப் பத்தி ஒரு வரி இருக்கா?"

"ஒன்பதாம் பக்கத்துல இருக்கு. நீ துவைச்ச துணிய அவன் மோந்து பாக்குறது."

"ம்க்கும். அதுவும் அவன் மோந்து பாக்குறதுதான்." சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "முடிக்காமப் போட்டா அவ்வளவும் வீணுங்க," என்றாள்.

செவ்வாய்க்கிழமை ட்ரெயினர் துரை என்னைக் கூப்பிட்டார். எங்களிடம் மலாயில்தான் பேசுவார். ஜொகூரில் குளுவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம்; அங்கே பெரிய துரையின் மகள் ஏறிப் பழக சாதுவான, மெதுவாக நடக்கிற குதிரை வேண்டுமாம். வெள்ளிக்கிழமை தோட்டத்துக் கணக்கரான கிராணி வந்து பார்ப்பார். பிடித்திருந்தால் ரயிலில் ஏற்றலாம். பிடிக்காவிட்டால் சனிக்கிழமை வண்டி வரும். "கேட்டால் சாது என்று சொல்," என்றார். "தொப்பியைப் பற்றி வாயைத் திறக்காதே."

தலையாட்டிவிட்டு வந்தேன். வந்த பிறகுதான் உறைத்தது. கிராணி தமிழர். தோட்டத்துக் கிராணிகள் சாமான் வாங்க சிராங்கூன் ரோட்டுக்கு வருகிறவர்கள். என் புத்தகம் எந்தக் கடையில் தொங்குமோ அந்தக் கடை வாசலில்தான் வெற்றிலை வாங்குவார்கள். வாயால் சாது என்று சொல்லி அனுப்பிய குதிரை, மூன்றாம் பக்கத்தில் கடிக்கிறது. இருபதாம் பக்கத்தில் ஒரு ஜாக்கியின் குல்லாயைக் கிழிக்கிறது. முப்பதாம் பக்கத்தில் ஒரு போலீஸ்காரரைத் துரத்துகிறது. அதையெல்லாம் படித்த பிறகு ஒரு பெண்பிள்ளையை யார் அவன் மேல் ஏற்றுவார்கள்? திருப்பி அனுப்புவார்கள். திரும்பி வந்தால் சுட்டுவிடுவார்கள்.

அன்றைக்கே முடிவு செய்தேன். பாய் கடலைக்காரனிடம் கொடுத்துவிடட்டும். புத்தகம் இல்லாவிட்டால் பவுடர் பிழைப்பான். இவ்வளவுதானே கணக்கு. அன்னம்மாவிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பவுடரைத் தேய்த்துத் தேய்த்து மினுக்கினேன். கொட்டடி வாசலில் நின்று, வருகிறவர் வெறுந்தலையாக வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

கிராணி சேதுபதி பெரிய வெள்ளைத் தொப்பியோடு வந்தார். துரைமார் போடுகிற தக்கைத் தொப்பி, கூடை அளவு இருந்தது. பின்னால் தலைப்பாகை கட்டிய ஒரு வயதான ஆள். பெயர் அழகப்பன், தோட்டத்தில் மாட்டுவண்டி ஓட்டுகிறவர், இனி குதிரையையும் அவர்தான் பார்க்க வேண்டும் என்று கிராணி சொன்னார். ட்ரெயினர் துரை ஓரமாக நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுதானா?" கிராணி நேராகக் கொட்டடியை நோக்கி நடந்தார்.

பவுடரின் காதுகள் பின்னால் படிந்தன.

"ஐயா," என்றேன். தனசேகரன் பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "சும்மா இருண்ணே," என்று பல்லைக் கடித்தான்.

கிராணி இன்னும் இரண்டடி வைத்தார். பவுடரின் கழுத்து நீளத் தொடங்கியது.

"ஐயா, தொப்பியக் கொஞ்சம் கழட்டிக்கிறீங்களா?"

கிராணி நின்றார். "எதுக்குக் கழட்டணும்? சாமி சன்னதியா இது?"

"கடிக்கும் ஐயா."

துரைக்குத் தமிழ் தெரியாது. என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார் போல. அவர் கழுத்து சிவந்தது.

"சாதுன்னு சொன்னாங்களே?" என்றார் கிராணி.

"சாதுதான் ஐயா. குழந்தை வாலப் பிடிச்சு இழுத்தாலும் நிப்பான். தொப்பி தலைக்கு மேல இருந்தா மட்டும் ஆவாது. கழட்டிக் கையில தாழ வச்சுக் காட்டுனா, ஒரு தரம் மோந்து பாப்பான். அப்புறம் அந்தத் தொப்பிய ஒண்ணும் செய்யமாட்டான். போட்டுக்கலாம். ஒவ்வொரு புதுத் தொப்பிக்கும் ஒருதரம் காட்டணும்."

"நல்லா இருக்கு கதை," என்றார் கிராணி. "தொரை மகளுக்கு என்ன ஆச்சுன்னு நாளைக்கு என்னையில்ல கேப்பாங்க?" திரும்பிவிட்டார். திரும்பியேவிட்டார். நான் கொட்டடிக் கம்பைப் பிடித்துக்கொண்டேன்.

அழகப்பன் மட்டும் திரும்பவில்லை. மெல்லத் தலைப்பாகையை அவிழ்த்தார். அதைச் சுருட்டி, இடுப்புக்குக் கீழே உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொட்டடிப் பக்கம் போனார். பவுடர் பார்த்தான். வெள்ளை மூக்கைக் கீழே கொண்டுவந்து, துணியை நீளமாக ஒரு மூச்சு இழுத்தான். தும்மினான். காது முன்னால் வந்தது. அழகப்பன் அங்கேயே நின்று தலைப்பாகையை மறுபடி கட்டினார். பவுடர் அவர் தோளில் தாடையை உரசினான்.

"கிராணி ஐயா," என்றார் அழகப்பன். "நம்ம செவலைக் காளை கொடையக் கண்டா பாயும். அதுக்காக அத வெட்டிப் போட்டோமா? கொடைய மடக்கிட்டுப் போறோம்."

கிராணி தொப்பியோடு தள்ளியே நின்றார். "மாடு வேற, இது வேற. இதுல என்னென்ன கிறுக்கு இருக்குன்னு ஒனக்கு என்னய்யா தெரியும்? தெரிஞ்சவன் இங்க இருக்கான். நாம அங்க இருக்கோம்."

"அதுவும் சரிதான்," என்று அழகப்பன் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ சொல்றது எல்லாம் எனக்கு மண்டையில நிக்காது. கால எப்பிடிப் பாக்குறது, என்ன தீனி, எதுக்கு மெரளுவான், எல்லாத்தையும் எழுதிக் குடுப்பியா? நான் படிக்கத் தெரியாதவன். ஐயா வாசிச்சுக் காட்டுவாரு."

கிராணி துரையை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். "எழுதிக் குடுத்தா எடுத்துக்கறேன்," என்றார். "ஒண்ணு விடாம எழுதணும். நல்லது மட்டும் எழுதுற வேலையெல்லாம் வேணாம்."

தனசேகரன் என் சட்டையை விட்டான்.

அன்று மத்தியானம் ஓட்ஸ் பெட்டி முன்னால் உட்கார்ந்தேன். பயம் போய்விடவில்லை. ஆனால் இப்போது அது வேறு பயம். ஒன்றை விட்டுவிட்டால்? காலில் சூடு இருக்கிறதா என்று உள்ளங்கையால் அல்ல, புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். இதை எழுதாவிட்டால் அழகப்பனுக்கு யார் சொல்வார்கள்? இடி இடித்தால் கொட்டடி வாசலில் யாராவது நின்று சும்மா எதையாவது பேசிக்கொண்டிருக்க வேண்டும். ஈரப் புல்லைப் பசியோடு தின்றால் வயிறு உப்பிவிடும். தண்ணீர் வாளியைக் கவிழ்ப்பது கோபத்தில் அல்ல, அந்தச் சத்தம் அவனுக்குப் பிடிக்கும். ஒவ்வொன்றாக வந்தது. சனிக்கிழமை முழுதும், கிடைத்த நேரத்தில் எல்லாம் எழுதினேன். அன்னம்மா தீனி வாளிகளைத் தானே கழுவி வைத்தாள். புத்தகத்தை இனி ஒளிக்க வேண்டியதில்லை; அதன் கடைசி எட்டுப் பக்கமும் அழகப்பனுக்கு எழுதியதுதான். "ஐயா" என்று ஆரம்பித்து, எங்கே முடிப்பது என்று தெரியாமல் நிறுத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை பாய் படித்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"எப்ப ரயிலு?"

"வியாழக்கெழம காலையில."

"யா அல்லா! கோத்து, அடிச்சு, மை காஞ்சு, தச்சு... நடக்குற காரியமா?"

"ஒண்ணே ஒண்ணு போதும் பாய். அவரு கையில குடுக்க."

"போ, போ. நின்னுக்கிட்டு இருக்காத."

வியாழக்கிழமை புக்கிட் தீமா ரயில் நிலையத்தில் பவுடரை வேகனில் ஏற்றிவிட்டேன். முன்பு ஈப்போ, பினாங்குப் பந்தயங்களுக்குப் போகும்போது அவனோடு வைக்கோலில் படுத்து நானும் போவேன். இன்று அவன் பக்கத்தில் அழகப்பன் உட்கார்ந்திருந்தார். கார்டு பச்சைக் கொடியைப் பிரித்துக்கொண்டிருந்தார். பாயைக் காணோம். பாதையின் வளைவையே பார்த்துப் பார்த்துக் கண் எரிந்தது. கையால் எழுதிய தாளையாவது திருப்பி வாங்கி வைத்திருக்கலாமே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

பாய் ஓடி வந்தார். கைலியை ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தார். மறு கையில் கல்யாணப் பத்திரிகைக் காகிதத்தில் சுற்றிய பொட்டலம். வேகன் கதவை நெருங்கும்போது பவுடரின் காது படிவதைக் கண்டேன். பாயின் தலையில் தொப்பி!

நான் கத்துவதற்குள் பாயே சட்டென்று நின்றுவிட்டார். தொப்பியைக் கழற்றினார். மூச்சு வாங்கிக்கொண்டே அதைத் தாழப் பிடித்து, மெல்ல நடந்து வந்து பவுடருக்குக் காட்டினார். பவுடர் மோந்து பார்த்தான். தும்மினான்.

"என்னடா பாக்குற? ஒவ்வொரு எழுத்தா கோத்தது நான்தான லா? எனக்குத் தெரியாதா?" என்றார் பாய், தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டு.

பொட்டலத்தைப் பிரித்துப் புத்தகத்தை அழகப்பனிடம் கொடுத்தேன். அட்டை இல்லை, கடைசிப் பக்கங்களில் மை இன்னும் ஒட்டியது. அவர் இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வண்டி நகர்ந்தது. உட்லண்ட்ஸ் தாண்டி, பாலம் தாண்டி, இடி இடிக்கும் முன் போய்ச் சேர வேண்டுமே என்று வானத்தைப் பார்த்தேன். கறுத்துக்கொண்டுதான் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அச்சகத்தில் மீதித் தாள்களை மடிக்க உட்கார்ந்தேன். ஒவ்வொரு முதல் பாரத்திலும் அந்த வரி வந்துகொண்டே இருந்தது: இன்றும் புக்கிட் தீமா லாயத்தில் சுகமாக இருக்கிறது.

"சின்னத் துண்டுத் தாள்ல திருத்தம் அடிச்சு ஒட்டிடலாமா?" என்றார் பாய்.

"வேணாம் பாய். அடிச்சது அடிச்சதுதான். கடைசி வரைக்கும் வாசிக்கிறவங்களுக்கு அவன் எங்க போனான்னு தெரியும்."

கொஞ்ச நேரம் மடித்தோம். மாவு மில்லின் சத்தம் சுவர் வழியே அதிர்ந்தது.

"பாய், அந்தக் கிராணி ஒழுங்கா வாசிச்சுக் காட்டுவாரா? நடுவுல ரெண்டு பக்கத்த விட்டுட்டா?"

"காட்டுவாரு."

"புறங்கையால தொடணும்னு எழுதுனது, அது தெளிவா இருந்துச்சா? உள்ளங்கைன்னு நெனச்சுட்டா?"

"செல்லக்கண்ணு," என்றார் பாய். "மடி. பேசாம மடி."

மடித்தேன்.